நகராத சதவீதம்

‘அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது, 30% முடிந்தது, கணினியை அணைக்க வேண்டாம்’ என்று விண்டோஸ் திரை சொல்கிறது. ஒரு மணி நேரம் கழிந்தும் அந்த 30 அப்படியே இருக்கிறது. இந்த நிலையில் என்ன செய்வது என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ‘தொடாமல் விடு, தானாக முடியும்’ என்பார்கள் சிலர். ‘பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போடு’ என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே சில சமயம் பலிப்பதால் இரண்டுக்கும் ஆதரவாளர்கள் குறைவதில்லை. ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்பதில்லை. கணினி உண்மையிலேயே நின்றுவிட்டதா, மெதுவாக நகர்கிறதா? நின்றிருந்தால், அப்டேட்டின் எந்தக் கட்டத்தில் நின்றது? ஒரு கட்டத்தில் பொறுமைதான் சரியான மருந்து. இன்னொரு கட்டத்தில் அதே பொறுமை வீண். ஒரு கட்டத்தில் அணைப்பதால் எந்த நட்டமும் இல்லை. இன்னொன்றில் அணைத்தால் மதர்போர்டே பாழாகலாம். எந்த மருந்து என்பதைக் கட்டம்தான் தீர்மானிக்கிறது என்பதும், அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்கும் சுமை பயனர் தலையில் விழுந்தது தவிர்த்திருக்கக்கூடிய வடிவமைப்புக் குறை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திரையை மட்டும் பார்த்து ஏன் முடிவெடுக்க முடியாது? கணினி அறிவியலில் இதற்கு உறுதியான பின்னணி உண்டு. ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் 1985-இல் வெளியிட்ட கட்டுரை, கால வரம்பு எதுவும் இல்லாத வலைப்பின்னலில் ஒரே ஒரு கணினி செயலிழக்கும் வாய்ப்பு இருந்தாலும் மற்றவை உறுதியாக ஒருமித்த முடிவுக்கு வர வழியில்லை என்று நிறுவியது. பதில் வராத கணினி செத்துவிட்டதா, தாமதிக்கிறதா என்பதை வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதே அதன் அடிப்படை. அதே 1985-இல் பிராட் மையர்ஸ், சதவீதம் காட்டும் பட்டைகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் திரையையே மக்கள் விரும்புகிறார்கள் என்று அது கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் சிக்கல் புரியும். சதவீதம் மனதுக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் அது நேரத்தை அளப்பதில்லை. விண்டோஸ் 7-இன் அப்டேட் திரைகள், மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செயல்களில் எத்தனையாவது நடக்கிறது என்று காட்டியதுண்டு. அந்தச் செயல்கள் ஒரே அளவானவை அல்ல. ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். மற்றொன்று ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொட வேண்டியிருக்கும். ஆகவே 30-இல் நெடுநேரம் நிற்பது மட்டுமே எதற்கும் சான்றாகாது. இத்தகைய இடங்களில் பொறியாளர்கள் ஒரு காலக்கெடுவை வைத்துக்கொண்டு, வேறு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

எந்த அறிகுறி எதைச் சொல்கிறது என்று தெரிய, அப்டேட் நடக்கும் விதம் தெரிய வேண்டும். 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் வெளியிட்டு வருகிறது. அவை முதலில் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற கோப்புறையில் இறங்குகின்றன. பிறகு ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ எனும் கிடங்கில் பிரித்து அடுக்கப்படுகின்றன. இவ்வளவும் நாம் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடக்கும். ஆனால் இயங்குதளம் தானே பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்புகளை அந்த நேரத்தில் மாற்ற முடியாது. அதனால் அந்த வேலைகள் ஒரு பட்டியலாக எழுதி வைக்கப்பட்டு, கணினி அணையும்போதும் மீண்டும் எழும்போதும் செய்யப்படுகின்றன. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குத் தாவும் பெரிய அப்டேட் இன்னும் நீளமானது. பழைய விண்டோஸுக்குள் ஆயத்தம், தனியொரு சிறு இயங்குதளத்தில் கோப்பு மாற்றம், புதியதன் முதல் எழுச்சி, இரண்டாம் எழுச்சி என்று அதற்கு நான்கு கட்டங்கள். இடையில் பலமுறை ரீஸ்டார்ட் ஆவது இயல்பு. திரை இருளுவதையும் மீண்டும் ஒளிர்வதையும் கோளாறு என்று எண்ணி அணைப்பவர்கள், நன்றாக நடந்துகொண்டிருக்கும் வேலையைத்தான் குலைக்கிறார்கள்.

முதல் கட்டத்தில், அதாவது தேடும்போதோ இறக்கும்போதோ நிற்கும் அப்டேட்டைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இயங்குதளத்தின் உயிர்நாடியை அது இன்னும் தொடவே இல்லை. 2015, 2016 ஆண்டுகளில் விண்டோஸ் 7 கணினிகள் ‘அப்டேட்களைத் தேடுகிறது’ என்ற வரியோடு மணிக்கணக்கில் நின்றன. பிராசஸர் முழு வேகத்தில் சூடேறிக்கொண்டிருந்தது. வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்தவர்களும் உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த அப்டேட்களில் எது எதை மாற்றீடு செய்கிறது என்று கணக்கிடும் வேலையில் கணினி மூழ்கிக் கிடந்ததுதான் உண்மைக் காரணம். 2016 ஜூலையில் வந்த ஒரு தொகுப்பு அப்டேட் அந்தத் தேடலைச் சீராக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மாதாந்தர ஒட்டுமொத்தத் தொகுப்பு முறைக்கே மாறியது. இந்தக் கட்டத்தில் தயங்காமல் ரீஸ்டார்ட் செய்யலாம். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம்; 80070070 என முடியும் பிழை எண் வந்தால் இடம் போதவில்லை என்று பொருள். அதுவும் உதவாவிட்டால் அப்டேட் சேவையை நிறுத்தி, சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டுச் சேவையை மறுபடி தொடங்கலாம். விண்டோஸ் புதிய கோப்புறையை உண்டாக்கி, மீண்டும் முதலிலிருந்து இறக்கிக்கொள்ளும். போவது கொஞ்சம் டேட்டாவும் நேரமும்தான்.

ரீஸ்டார்ட் ஆன பிறகு வரும் அப்டேட் திரையில் நிற்பதுதான் மக்களைக் கலங்கடிப்பது. இங்கே காலக்கெடுவை வைக்கக் கணினியின் வட்டு எது என்று தெரிந்திருக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை அளவுக்கே எட்டிப் பிடிக்கும். எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்துவிடும். அப்டேட் என்பது பெரும்பாலும் சிறு கோப்புகளோடு மல்லுக்கட்டும் வேலை. ஆகவே எஸ்எஸ்டியில் அரை மணி நேரம் நகராதது சந்தேகத்துக்குரியது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு மூன்று மணி நேரம்கூடச் சாதாரணம். மைக்ரோசாஃப்டே தந்த கணக்கு இதற்குத் துணை நிற்கிறது. 2017 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 பதிப்புக்குப் பயனர் கணினியைத் தொட முடியாத நேரம் சராசரியாக 82 நிமிடம். அதே ஆண்டு அக்டோபர் பதிப்பில் அது 51 ஆனது. 2018 ஏப்ரல் பதிப்பில் 30-க்கு இறங்கியது. வேலை மறைந்துவிடவில்லை, பெரும்பகுதியைப் பின்னணியில் முன்கூட்டியே செய்துவிடுவதாக மாற்றினார்கள். காலக்கெடு கடந்தபின் துணை அறிகுறிகளைப் பார்க்க வேண்டும். வட்டு விளக்கு மின்னுகிறதா? விளக்கு இல்லாத லேப்டாப் என்றால் விசிறி ஏறி இறங்குகிறதா, ஹார்ட் டிஸ்க்கின் சத்தம் கேட்கிறதா? வட்டப் புள்ளிகள் சுழல்கின்றனவா? கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஏதேனும் நடக்கிறதா? பிரின்டர், பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் நகர்கிறதா? இவற்றில் ஒன்றேனும் உயிர் காட்டினால் இரவு முழுக்க விட்டுவைப்பது தவறல்ல. எல்லாமே அடங்கிக் கிடந்தால், நின்றுவிட்டது என்று முடிவெடுக்கப் போதிய சான்று கிடைத்துவிட்டது.

அதன் பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது பாவமா? ‘அணைக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கையை வேதவாக்காகக் கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லை. மின்வெட்டு வரும் உலகத்துக்கென்று எழுதப்பட்ட இயங்குதளம், நடுவில் அறுந்துபோகும் வேலையைச் சமாளிக்க வழி வைத்தே ஆக வேண்டும். விண்டோஸும் வைத்திருக்கிறது. விஸ்டா காலம் முதல் கோப்பு மாற்றங்களையும் பதிவேட்டு மாற்றங்களையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டும் ஏற்பாடு அதில் உண்டு. நிலுவை வேலைகளின் பட்டியலும் வட்டில் எழுதப்பட்டே இருக்கிறது. மறுபடி எழும் கணினி விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அல்லது செய்ததைத் திருப்பிக்கொள்ளலாம். ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வட்டுக்குப் போய்ச் சேராத தரவு தொலையலாம். தேய்ந்துபோன வட்டு அதோடு கைவிரிக்கலாம். எனவே அணைப்பது கடைசி வழி, ஆனாலும் வழிதான். இதற்கு ஒரே ஒரு கண்டிப்பான விலக்கு உண்டு. பயாஸ் அல்லது ஃபர்ம்வேர் அப்டேட்டும் இப்போது விண்டோஸ் வழியாகவே வருகிறது. கணினி தயாரித்த நிறுவனத்தின் சின்னத்தோடு ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல் திரையில் தெரிந்தால் பட்டனைத் தொடவே கூடாது. அங்கே திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு எல்லாக் கணினியிலும் இல்லை. லேப்டாப்பில் சார்ஜரும் மேசைக் கணினியில் யூபிஎஸ்ஸும் கட்டாயமாவது இந்தக் காரணத்தால்தான்.

அணைத்து எழுப்பிய பின் மூன்றில் ஒன்று நடக்கும். அப்டேட் தொடர்ந்து முடியலாம். ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது’ என்ற திரை வரலாம். திரும்பப் பெறுவதும் போட்ட அளவுக்கு வேலைதான் என்பதால் இங்கேதான் பொறுமை மிகவும் தேவை. பலர் அவசரப்பட்டு இரண்டாம் முறை அணைப்பது இந்த இடத்தில்தான். மூன்றாவது, அதே திரை, அதே சதவீதம், மீண்டும் ரீஸ்டார்ட் என்று சுழலில் மாட்டிக்கொள்வது. இதற்குக் காத்திருப்பு உதவாது. விண்டோஸ் இருமுறை அடுத்தடுத்து எழத் தவறினால் மீட்புச் சூழல் தானாகத் திறக்கும். அங்கே கடைசியாக வந்த மாத அப்டேட்டையோ பெரிய பதிப்பு அப்டேட்டையோ நீக்கும் வசதி உண்டு. சேஃப் மோடில் நுழையலாம். சிஸ்டம் ரீஸ்டோர் செய்யலாம். கட்டளைத் திரையில் டிஐஎஸ்எம் கருவியைக் கொண்டு நிலுவை வேலைகளை மொத்தமாகக் கைவிடச் சொல்லலாம். ஆனால் பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியில் இவற்றில் பலவற்றுக்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான கோப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது விண்டோஸ் அப்டேட் அல்ல. ஆனால் மீட்பு எங்கே தடைபடும் என்பதை அந்த நாள் அப்பட்டமாகக் காட்டியது. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும் என்று தெரிந்திருந்தும், ஒவ்வொரு கணினியின் சாவியையும் தேடி எடுப்பதிலேயே நிர்வாகிகளின் நேரம் கரைந்தது. சாவியை முன்பே எழுதி வைப்பதும் இந்தப் பழுதுபார்ப்பின் ஒரு பகுதிதான்.

கணினி எழுந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. ஏன் நின்றது என்று தெரியாவிட்டால் அடுத்த மாதமும் அதே கதைதான். கிடங்குக் கோப்புகள் சிதைந்திருந்தால் டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி கருவிகள் சரிசெய்யும். பெரிய அப்டேட் சி1900101 எனத் தொடங்கும் எண்ணோடு திரும்பினால் பெரும்பாலும் ஒரு டிரைவர்தான் குற்றவாளி. மைக்ரோசாஃப்டின் செட்டப்டயாக் கருவி லாக் கோப்புகளைப் படித்து எது என்று சொல்ல முயலும். ஆனால் பயனரின் கையில் எந்தத் தவறும் இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. 2008 பிப்ரவரியில் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்குக்கு முன்னோடியாக வந்த அப்டேட், சில கணினிகளை ‘3-இல் 3-ஆம் கட்டம்’ என்ற திரையிலேயே முடிவில்லாமல் ரீஸ்டார்ட் செய்ய வைத்தது. மைக்ரோசாஃப்ட் அதன் தானியங்கி விநியோகத்தை நிறுத்தியது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்ததால் சில நாட்களில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வந்தது. 2024 ஜனவரியில் கேபி5034441 என்ற அப்டேட் எண்ணற்ற கணினிகளில் பிழை காட்டித் தோற்றது. மீட்புப் பகுதியில் கூடுதலாக 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டதே காரணம். அது இல்லாத கணினியில் நூறு முறை முயன்றாலும் நூறு முறையும் தோல்விதான்; எஸ்எஃப்சி ஓட்டினாலும் பயனில்லை. எல்லாக் கோளாறுக்கும் ஒரே பட்டியலை வரிசையாகச் செய்யச் சொல்லும் அறிவுரைகள் தோற்பது இங்கேதான். காரணம் தயாரிப்பாளரிடம் இருந்தால், அந்த அப்டேட்டை நிறுத்திவைத்துத் திருத்தம் வரும்வரை காத்திருப்பதே சரியான பழுதுபார்ப்பு.

‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? சர்வீஸ் கடையில் கொடுத்தால் ஒரே மணி நேரத்தில் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுத் தருவார்களே’ என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. கடைக்காரரின் நேரத்துக்கு விலை இருக்கிறது. காரணம் தேடுவதைவிடத் துடைத்துப் போடுவது அவருக்கு மலிவு. ஆனால் அந்தக் கணக்கில் வாடிக்கையாளரின் கோப்புகளுக்கு விலை வைக்கப்படவில்லை. ஃபார்மட் அறிகுறியைத் தீர்க்கிறது. காரணம் வட்டின் பழுதோ, இடப் பற்றாக்குறையோ, பொருந்தாத டிரைவரோ என்றால் அது அப்படியே இருக்கிறது. தடயங்களான லாக் கோப்புகளும் அதோடு அழிந்துவிடுகின்றன. இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. விண்டோஸ் ஓரளவு எழும் நிலையில் இருந்தால், நிறுவல் பென்டிரைவைச் செருகி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே இயங்குதளத்தை மட்டும் மேலே மறுபடி நிறுவலாம். வட்டே தேய்ந்துபோயிருந்தால் முதலில் தரவை எடுத்துக்கொண்டு வட்டை மாற்ற வேண்டும். ஃபார்மட் கடைசி வரிசையில் நிற்க வேண்டிய நல்ல கருவி. அதை முதல் வரிசைக்குக் கொண்டுவந்ததுதான் பிழை.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது: அப்டேட்டே போடாவிட்டால் நிற்கவும் போவதில்லை. இதற்கு 2017 பதில் சொல்லிவிட்டது. வன்னாக்ரை என்ற கணினிக் கிருமி பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. இடையில் இரண்டு மாதம் இருந்தது. அப்படியும் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. இங்கிலாந்தின் 236 பொது மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கையின்படி, தொற்றிய மருத்துவ அமைப்புகள் அனைத்திலும் இருந்தவை அப்டேட் போடாத அல்லது ஆதரவு முடிந்த விண்டோஸ்தான். ஆனால் எதிர்வாதத்துக்குள் ஒரு சரியான கருத்தும் ஒளிந்திருக்கிறது: வெளிவந்த அன்றே போட வேண்டிய கட்டாயம் வீட்டுக் கணினிக்கு இல்லை. ஹோம் பதிப்பிலும் 35 நாள் வரை அப்டேட்டை நிறுத்திவைக்கலாம். ஓரிரு வாரம் தள்ளிப்போட்டால் தயாரிப்பாளரின் பிழைகள் பல அதற்குள் வெளிப்பட்டுவிடும். தள்ளிப்போடுவது எச்சரிக்கை, கைவிடுவது அலட்சியம்.

கடைசியாக, இந்தச் சுமை ஏன் பயனர் மேல் இருக்க வேண்டும்? வேறு வழி இருக்கிறது என்பதற்குக் கையில் இருக்கும் போனே சான்று. குரோம் ஓஎஸ் தொடக்கத்திலிருந்தே இயங்குதளத்துக்கு இரண்டு இடங்களை ஒதுக்குகிறது. ஒன்று ஓடும்போது மற்றொன்றில் அப்டேட் எழுதப்படுகிறது. ரீஸ்டார்ட்டில் இடம் மாறிக்கொள்கின்றன. புதியது எழாவிட்டால் பழையது திரும்பிவிடும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 இதே முறையைப் போன்களுக்குக் கொண்டுவந்தது. இதனால் இடம் வீணாகும் என்பார்கள்; உண்மைதான். ஆனால் 2019 முதல் விண்டோஸும் அப்டேட்டுக்கென்று சுமார் 7 ஜிபி இடத்தைத் தனியே பிடித்துவைத்துக்கொள்கிறது. எண்ணற்ற வகை வன்பொருளிலும் பழைய மென்பொருளிலும் ஓட வேண்டிய விண்டோஸுக்கு இந்த இரட்டை இட முறை எளிதல்ல என்பதும் உண்மை. இரட்டை இடம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்குக் கிரௌட்ஸ்ட்ரைக்கே சாட்சி. அந்தக் கோப்பு இயங்குதளத்தின் அப்டேட் வழியாக வரவே இல்லை. அந்த முடக்கத்துக்குப் பிறகு, 2024 நவம்பரில், எழ மறுக்கும் கணினிக்குத் தொலைவிலிருந்தே திருத்தம் அனுப்பும் வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. திசை சரியானதே. ஆயினும் அதைவிட எளிய ஒன்று பாக்கி இருக்கிறது. எந்தக் கட்டம் நடக்கிறது, கடைசி அசைவு எப்போது, இப்போது அணைத்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் இயங்குதளம் பெரும்பாலும் அறிந்தே இருக்கிறது. அந்த அறிவில் ஒரு பகுதி லாக் கோப்புகளில் புதைகிறது. திரைக்கு வருவது ஒரு சதவீத எண் மட்டுமே.

அது மாறும்வரை, பட்டனைத் தொடுமுன் மூன்று விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்வதே பயனர் செய்யக்கூடிய சிறந்த பழுதுபார்ப்பு: திரையில் உள்ள வாசகம் எது, அந்த எண் எத்தனை மணிக்குக் கடைசியாக மாறியது, வட்டு வேலை செய்கிறதா. காத்திருப்பதா அணைப்பதா என்பதை இவையே சொல்லிவிடும். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும், ஃபார்மட்டுக்கு முன் வேறென்ன செய்யலாம் என்று கேட்கத் தேவையான ஆதாரம் கையில் இருக்கும்.